ஆலையின் மருந்துப் பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. கை இரண்டு விரற்கடை நீளம், மடித்துத் தைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை போனில் நீ சொன்னதற்கு இது பதில். போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கடைசி வரி வரை படி.

அன்று அரைகுறையாகச் சொன்னதை முறையாகச் சொல்கிறேன். போன வாரம் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு தலைமை நர்ஸ் நம் மாவு ஆலைக்கு வந்தாள். கையில் ஒரு நீள நோட்டு. மண்டை ஓடோ முதுகெலும்போ மூடாமல் பிறக்கும் குழந்தைகளை அவள் இருபது வருடமாக அதில் தனியாகக் குறித்து வருகிறாள். முதலில் வருடத்துக்கு ஏழு, எட்டு. அதைத் தடுக்கும் சத்தான ஃபோலிக் அமிலத்தை அப்பா மாவில் கலக்க ஆரம்பித்த பிறகு அது நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கியது. ஒரு வருடம் ஒன்றே ஒன்று. போன வருடம் நாலு. இந்த வருடம் முடிய மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் ஐந்து.

"இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் உங்க மாவுதாம்மா. மருந்து ஒழுங்கா விழுதுல்ல?" என்று கேட்டாள்.

விழுகிறது என்றேன்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி, கூரையில் ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பவர் போல அண்ணாந்து பார்த்தார்.

மாவு இறங்கும் குழாயின் மேல் அப்பா பொருத்திய சின்னப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். மேஸ்திரி அதை மருந்துப் பெட்டி என்பார். அரைத்த மாவு கீழே ஓட ஓட அது சிட்டிகை சிட்டிகையாக மஞ்சள் பொடியை உதிர்க்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் பொடி ஈரம் ஏறிக் கட்டியானது. மாவில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. ரொட்டிக்கடைக்காரர் வந்து, நாலு பேர் நடுவில், "என்னம்மா, உங்க மாவுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. மழை விடும்வரை பெட்டியை மூடச் சொன்னேன்.

மழை விட்டது. தினமும் காலையில் பலகையில் மாவைப் பரப்பி அழுத்தி, தண்ணீரில் முக்கி எடுத்து நிறம் பார்ப்பேன் அல்லவா, அந்தப் பலகையில் அப்படியொரு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை. திறக்கச் சொல்ல வாய் வரவில்லை. மேஸ்திரி இரண்டு முறை கேட்டார். பார்க்கலாம் என்றேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. அதன் மூடிமேல் தம் சாப்பாட்டுத் தூக்கை வைக்க ஆரம்பித்தார். மூட்டையில் மட்டும் 'ஃபோலிக் அமிலம் சேர்த்தது' என்ற வரி விடாமல் அச்சாகிக்கொண்டிருந்தது.

நீ சொன்னாய்: "நாலஞ்சு கேஸ் கூடினதுக்கு நம்ம மாவுதான் காரணம்னு யாரும்மா நிரூபிக்க முடியும்? சத்தமில்லாமப் பெட்டியத் திறந்துட்டு சும்மா இருங்க. மூட்டையில அப்பா பேர் இருக்கு."

நிரூபிக்க முடியாதுதான். இவ்வளவு சின்ன எண்ணிக்கை தானாகவே ஏறும், இறங்கும் என்று அந்த நர்ஸே சொன்னாள். அது டாக்டர்கள் பார்க்க வேண்டிய கணக்கு. ஆனால் மூட்டையில் இருந்தது பொய் என்பதற்கு எந்த நிரூபணமும் வேண்டாம். கான்வென்ட்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் யாரையும் அழிரப்பர் வைத்துக்கொள்ள விடமாட்டார். தப்பை ஒரே கோட்டால் அடி, கீழே சரியானதை எழுது, அடித்தது எல்லோருக்கும் தெரியட்டும் என்பார். நீ சத்தமில்லாமல் திறக்கச் சொல்வது அழிரப்பர் வேலை.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போனேன். வார்டில் நின்றபடியே, நான் சொன்னது பொய் என்று அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நோட்டைத் திறந்து, "எந்த மாசம் மூடினீங்க, சொல்லுங்க" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "இது தெரியாம இன்னும் ரெண்டு வருஷம் ஊர்க் குடிதண்ணிதான் காரணம்னு சொல்லிக்கிட்டிருந்திருப்பேம்மா" என்றாள்.

மாவு வாங்கும் கடைகளுக்கெல்லாம் ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருடமாக எங்கள் மாவில் இந்தச் சத்து இல்லை, நிறுத்தச் சொன்னது நான், குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்கள் சுகாதார நிலையத்தில் மாத்திரை கேட்டு வாங்குங்கள் என்று. கீழே என் கையெழுத்து. நீ இதைப் படிக்கும்போது அது கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும். தடுக்கலாம் என்று போனைத் தேடாதே.

பெட்டியைக் கழுவிக் காயவைத்துத் திறந்தாயிற்று. மேஸ்திரியின் தூக்குக்கு வேறு இடம். பொடியை ஈரம் படாத அறையில் வைத்துச் சலித்துப் போடுகிறோம், இனி வாரம் ஒரு முறை மாவைச் சோதனைக்கு அனுப்புவோம். ரொட்டிக்கடைக்காரர் தாளைப் படித்துவிட்டு, "அம்மை திரும்பி வருதாம்மா?" என்றார். வரும், வந்தால் சலிப்போம், மூட மாட்டோம் என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மூட்டையில் அப்பா பெயர் இருக்கிறது என்றாய். இதையெல்லாம் செய்தது அதற்காகத்தான். அப்பா அந்தப் பெட்டியை ஏன் வாங்கினார் என்று நீ ஒரு முறை கேட்டாய். வியாபாரம் என்றேன். அதுவும் பொய்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். முதுகின் நடுவில் என் உள்ளங்கை அளவுக்கு மூடாமல் இருந்தது. இரண்டு நாள் இருந்தாள். பெயர் வைக்கவில்லை. நீ பிறந்தபோது உன்னைக் குப்புறப் போட்டு முதுகைத்தான் முதலில் பார்த்தேன், பிறகுதான் முகத்தை. இருபது வருடம் கழித்து, ஆலைக்காரர்கள் பத்திரிகையில் வந்த ஒரு பக்கத்தை அப்பா மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். படித்தேன். அடுத்த மாதம் அந்தப் பெட்டி வந்தது. அதைத்தான் நான் நாலு பேர் சிரித்தார்கள் என்று மூடினேன்.

உன் மனைவி போன மாதம், "அடுத்த வருஷம் குழந்தை பத்தி யோசிக்கிறோம் அத்தை" என்றாள். சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கிழவிக்கு என்ன கோபமோ என்று நினைத்திருப்பாள். கோபமில்லை, பயம். வயிற்றில் குழந்தையின் முதுகெலும்பு நாலே வாரத்தில் மூடிவிடும், தாய்க்கு நாள் தள்ளியது தெரிவதற்குள். தெரிந்த பிறகு மாத்திரை தேடுவது ரயில் போன பிறகு டிக்கெட் வாங்குவது. அடுத்த வருடத்துக்கு என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே இருவரும் டாக்டரைப் பாருங்கள். நம் குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்திருப்பதால் அளவை அவர்தான் சொல்ல வேண்டும். கேட்டு, அன்றே அவள் தொடங்கட்டும். தொடங்கிய தேதியை எனக்கு எழுது.

டாக்டரிடம் விவரத்தை நீயே சொல். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று சொல். இத்தனை வருடத்தில் அவளை யாரும் எந்த உறவு சொல்லியும் அழைத்ததில்லை.

இருவரும் நீடூழி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா

பி.கு. உங்கள் இருவரின் என்று எழுதியது உன் மனைவியையும் சேர்த்து அல்ல. அவள் தப்பாக நினைக்கமாட்டாள்.