தங்கசாமி மாமா மாடியைத் தாண்டி

மார்ச் 11, 2025

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்காருவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? நாளைக் காலை தூக்கம் பற்றாமல் எல்லார் மேலும் எரிந்து விழப்போகும் ரஞ்சிதாவிடம்தான். பாப்பா கனிஷ்கா இப்போதுதான் கண்ணசந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. இன்னொரு தரம் தொட்டேன். இல்லை.

போன மாதம் காய்ச்சலில் வலிப்பு வந்ததிலிருந்து இதே வேலை. இந்த வயதில் சில குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் தானே நின்றுவிடும், நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். எதில் தூக்கிக்கொண்டு போக? கரட்டுக் குன்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டத்தில் போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டாது. அன்றைக்குக் குழந்தையை அத்தை மடியில் போட்டுவிட்டுப் கரட்டுப் பாறைமேல் ஏறி வேன்கார பொன்னனைக் கூப்பிட்டேன். இறங்கி வருவதற்குள் அவளுக்குத் தெளிந்திருந்தது. தெளியாமல் இருந்திருந்தால்? என் வீட்டுக்காரர் கதிர்வேல் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். இங்கே நானும் அவருடைய அம்மாவான அத்தையும் கரடும்தான்.

மார்ச் 19

அபிநயா சூரமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. நான் பொறியியல் பட்டத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், அவள் கிராமம் கிராமமாக ஏணி தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

அவள் சொன்ன திட்டம் இது: தோட்டத்து வீடுகளின் மாடிக்கு மாடி ஒரு சின்னப் பெட்டி. ஒரு பெட்டி அடுத்ததைப் பார்த்தால் போதும், செய்தியை வாங்கி அதற்கடுத்ததற்குக் கொடுத்துவிடும். ரோட்டோரத்துப் பால் சொசைட்டியில் மட்டும் இணைய லைன். அது அறுந்தாலும் தோட்டங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

"இதுக்கு ஆபீஸ் எங்கடி?"

"கிடையாது."

"அப்ப மேனேஜரு?"

"நீதான். பக்கத்துத் தோட்டத்துக்காரரும்தான். கெட்டுப்போனா உன்னையே நீ திட்டிக்கணும்."

சிரித்தாலும் உள்ளுக்குள் உதறலாகத்தான் இருக்கிறது. எங்கள் மாடியிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னந்தோப்பு. தெரிகிற ஒரே மாடி தங்கசாமி மாமா வீடு. என் மாமனாரின் அண்ணன். பாகம் பிரித்த நாளிலிருந்து அத்தை அந்த வீட்டோடு பேசுவதில்லை, கேட்டைத் தாண்டியதுமில்லை.

மார்ச் 22

நானே போய்க் கேட்டேன். மாமா கோழித் தீவனத்தைக் கையில் அள்ளி மோந்து பார்த்தபடி சொன்னார்: "கொழந்தைக்குன்னா வெச்சுக்க அம்மிணி. உங்கத்தைக்குன்னா வேண்டாம்."

குழந்தைக்குத்தானுங்க மாமா, என்றேன்.

மார்ச் 30

வேலை செய்கிறது. செய்கிறது!

சத்தீஸ்கரிலிருந்து கதிர்வேல் குரல், அடுக்களையில், அடுப்பு பக்கத்தில். "என்ன புள்ளே, பாறை மேல நிக்கறயா?" நான் ரசம் தாளித்துக்கொண்டு நிற்கிறேன் என்றதும் போனைச் சட்டிப் பக்கம் பிடிக்கச் சொன்னார். பிறகு பாப்பாவைக் கேட்டார். பாப்பா போனை நக்கினாள்.

பாடத்தில் எல்லாம் படித்ததுதான், பரீட்சையில் படம் வரைந்து மார்க்கும் வாங்கினேன். அப்போது அது அம்புக்குறிகள். இப்போது அந்தக் குரல் சொசைட்டி கூரையில் ஏறி, அத்தையின் தங்கை ஆத்தாயி சின்னத்தை வீட்டு மாடிக்கு வந்து, இன்னும் யார் யார் துணி காயும் மாடிகளையோ தாண்டி, கடைசியில் அத்தையோடு பேசாத ஒருவரின் மாடியில் கால் வைத்து என்னிடம் வருகிறது. அவரால் அதைக் கேட்க முடியாது. பூட்டிய பெட்டியைக் கைமாற்றிக் கொடுப்பது போலத்தான். அவர் வீட்டுச் செய்தி எங்கள் வழியாகப் போனாலும் எனக்கு அப்படியே. மாடிக்குப் போய் அவர் மாடிப் பெட்டியின் முணுக் முணுக் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன், யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8

மயில் ஒன்று கம்பத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பிவிட்டது. ஏணி வைத்து நானே ஏறித் திருகினேன். அத்தை கீழே நின்று, "இஞ்சினீருக்குப் படிச்சது இதுக்குத்தானா சாமி" என்றார்கள்.

ஏப்ரல் 17

ஐயோ.

அத்தைக்கு ஒரு ஆளோடு பேசுவதற்கும் எல்லா வீட்டுக்கும் போய்ச்சேரும் பொதுப்பலகையில் பேசுவதற்கும் வித்தியாசம் சொல்லித்தான் வைத்திருந்தேன். அவர்களுக்கோ பெட்டி என்பது காட்டைத் தாண்டிக் கூப்பிடுவது மாதிரி. யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அவர்தானே திரும்பிப் பார்ப்பார்? இன்றைக்குத் தங்கைக்கு என்று நினைத்துப் பலகையை அழுத்திப் பேசிவிட்டார்கள்: "ஆத்தாயி, தங்கசாமி பண்ணையில கோழி மூட்டை மூட்டையாச் சாவுது. சீக்கு உழுந்துருச்சாட்ட இருக்குது. முட்டை கிட்டை வாங்கிப்போடாதே."

சீக்குமில்லை ஒன்றுமில்லை. இந்த வெயிலுக்கு எந்தப் பண்ணையிலும்தான் கோழி செத்து விழுகிறது. ஆனால் எல்லா மாடியும் கேட்டுவிட்டதே.

ஏப்ரல் 19

முட்டை எடுக்கிற வண்டி மாமா பண்ணைக்கு வரவில்லையாம். சாயங்காலம் எங்கள் பெட்டியில் "அடுத்த பெட்டி இல்லை" என்று வந்தது. மாமா தன் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

பாறைமேல் ஏறி அபிநயாவைக் கூப்பிட்டேன். அந்தப் பேச்சை அழித்துவிடு என்றேன். "எப்படிடி? ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் ஒரு நகல் இருக்கு. அவங்கவங்கதான் அழிக்கணும். எங்க கையில சாவி இல்ல. யாரோ ஒருத்தர் நெனச்சா அழிக்கலாம்னா, யாரோ ஒருத்தர் நெனச்சா உன் வீட்டையும் நிறுத்தலாமே. அதுதானே இதோட அழகு."

அழகு. அந்த அழகு இப்ப என் கழுத்தைப் பிடிச்சிருக்குது.

ஏப்ரல் 20

மாமாவைப் பார்க்கப் போனேன். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்க வைத்துத்தான் உள்ளே விட்டார். சீக்கு வராமலிருக்க அவர் பார்க்கிற பக்குவம் அது. இவரைப் பற்றியா அத்தை அப்படிப் பேசினார்கள்!

"அழிச்சுப்போடு அம்மிணி. இப்பவே சொருகறேன்."

"அழிக்க முடியாதுங்க மாமா."

"முடியாதுன்னு சொன்ன மேனேஜரு ஆரு? கூட்டியா, நான் பேசிக்கறேன்."

"அப்படி ஆருமே இல்லீங்க."

"அப்பறமென்ன? ஆருமில்லாத ஊட்டுக்கு நான் எதுக்குக் கதவைத் தொறந்து வெக்கோணும்?"

கிளம்ப எழுந்தேன். மாமாவின் மனைவி குப்பாயி பெரியத்தை மோர் கொண்டுவந்தார்கள். பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்கள்தான் கேட்டார்கள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 22

மாமா சொன்னதை வந்து சொன்னதிலிருந்து இரண்டு நாளாக அத்தை என்னோடு பேசவில்லை. இன்று தானாகவே வந்து போனை வாங்கினார்கள். "எங்க அமுக்கோணும்?" பலகையைக் காட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ராசம்மா பேசறனுங்க. தங்கசாமி மச்சாண்டார் பண்ணையில சீக்கு கீக்கு ஒண்ணுமில்லீங்க. வெயிலுக்குச் செத்த கோழி. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன்."

முடித்ததும் போனைச் சுடுகிற சட்டி மாதிரி என் கையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள்.

ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. "காத்திருக்கிறது" என்றே நிற்கிறது. மாமா பேரைக் காப்பாற்றும் பேச்சு அவர் மாடியைத் தாண்டித்தானே போக வேண்டும்! மாமா ஒயரைச் சொருகினால்தான் அவர்மேல் விழுந்த பழி கழியும். போய்ச் சொல்லலாமென்று போனேன். சேலத்துக்குத் தீவனம் எடுக்கப் போய்விட்டாராம், எப்போது வருவாரென்று தெரியாது. "அவிய சொல்லாம நான் தொட மாட்டேன் கண்ணு" என்றார்கள் பெரியத்தை.

பெட்டிக்குக் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. வழி கிடைக்கும்வரை வைத்திருக்கிறது. மனிதர்கள் செய்ததுதான், ஆனால் மனிதர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

ஏப்ரல் 24

விளக்கைப் போடாமலே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மத்தியானம் பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நிற்கும், நின்றுவிடும், நிற்கவில்லை. சாமி நிக்கலையே. போனை எடுத்துப் பொன்னனுக்கு, "வேன் கொண்டு வாங்க, பாப்பா" என்று அனுப்பினேன். காத்திருக்கிறது. காத்திருக்கிறது. பாறைக்கு ஓட என்னால் அவளை விட முடியவில்லை.

நிமிர்ந்தால் அத்தையைக் காணோம். வரப்பில் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள், மாமா வீட்டைப் பார்த்து. பிறகு பெரியத்தை சொன்னது: கேட்டைத் தள்ளி, மருந்துத் தொட்டியைத் தாண்டிக் குதித்து, அடுக்களை வரைக்கும் போய், "குப்பாயி, கொழந்தைக்கு வந்துருச்சு, ஒயரச் சொருகு" என்றார்களாம். பெரியத்தை யாரையும் கேட்கவில்லை. சொருகிவிட்டார்கள்.

என் கையிலிருந்த போனில் எழுத்து மாறியதைப் பார்த்தேன். சேர்ந்தது. அதற்கு மேலே அத்தையின் பேச்சும், சேர்ந்தது. இரண்டும் ஒட்டுக்காகச் சேர்ந்தே போயிருக்கின்றன.

பொன்னன் வேன் வந்தபோது இன்னும் உதறிக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபிறகு நின்றது. தாமதிக்காமல் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். நானா கொண்டுவந்தேன்? எத்தனை மாடிகள் கொண்டுவந்தன. யாருக்கு நன்றி சொல்ல? ஆருமில்லாத ஊடு என்றார் மாமா. இல்லைங்க மாமா. எல்லாரும் இருக்கிற ஊடு. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. ஒருத்தர் மனம் கோணினால் போதும்.

ஏப்ரல் 28

பாப்பா எழுந்து கோழியைத் துரத்துகிறாள். மாமா நேற்றே வந்துவிட்டார். முட்டை வண்டியும் அந்தப் பக்கம் போனது, கண்ணால் பார்த்தேன். மாமா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒயரையும் பிடுங்கவில்லை. சற்றுமுன் மாடியேறிப் பார்த்தேன், அவர் மாடியில் அந்த விளக்கு இருக்கிறது.

பலகையில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்பினேன். அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"பெரிய மாமா, பாப்பா நல்லா இருக்காளுங்க. நீங்க கோவமா இருந்தா ஞாயந்தான். பெட்டி உங்க மாடியில இருக்கலாம்ன்னா இருக்கலாம்ன்னு சொல்லுங்க. வேண்டாம்ன்னா அதையும் சொல்லிருங்க, பாறைப் பக்கமா வேற கம்பம் நட அபிநயாவைக் கூப்பிடோணும். ஒண்ணும் சொல்லாம மட்டும் இருக்காதீங்க மாமா, எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. சீக்கிரம் பதில் போடுங்க."