ஜிபிக்கு ஒரு பங்கு அரிசி

1916 ஆகஸ்ட் 3, பெர்னாண்டோ போ தீவு

ஆமாம், செத்தவன் பெயருக்குக் குரல் கொடுத்தது நான்தான். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? ஜிபி என் மச்சான், என் மனைவி பிலோவாவின் அண்ணன். வயிற்றுப்போக்கில் முந்தாநாள் போய்விட்டான்; ராத்திரியே யாருக்கும் தெரியாமல் புதைத்தோம். அவளுக்கு ஏழு மாதம். பெண்களுக்குத் தனி அரிசி கிடையாது; ஆஜர் சொல்லும் ஆணுக்குத்தான் ஒரு பங்கு. காலை ஆஜரில் ஜெர்மன் சார்ஜென்ட் என் பெயரை வாசித்தார்: "ஓவோனா." "இருக்கேன்." "ஜிபி" என்றார். குரலைக் கட்டையாக்கி, "இருக்கேன்." தாளை விட்டு அவர் தலை நிமிரவில்லை. எங்கள் முகமெல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

காமெரூனில் ஜெர்மன்காரன் படையில் நின்று தோற்று, ஸ்பெயின்காரன் எல்லைக்குள் தாண்டினோம். அவன் சண்டையில் யார் பக்கமும் இல்லையாம். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, தன் தீவான இங்கே எங்களை அடைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 4

சாவு விழுந்தால் எங்களில் ஆண், பெண் எல்லாரும் மொட்டை போடுவோம். குடிசையில் யாரும் தலை மழிக்கவில்லை. மழித்தால் சாவு வெளியே தெரிந்துவிடும். பிலோவா கூந்தலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கண்ணன் என்ன நாயா? ஒரு மொட்டைக்குக்கூட வக்கில்லாம போனானா?"

"அவன் சோத்தைத்தானே தின்னுற?"

சொல்லியிருக்கக் கூடாது. ச்சே.

ஆகஸ்ட் 19

அரிசியில் பாதி புழு. தின்றாள்.

செப்டம்பர் 6

எங்கள் குடிசையிலேயே இருக்கும் ம்பர்கா கிண்டல்: "மிஷன் பள்ளிக்கூடத்துல ஒரு பேருக்கே ஒழுங்கா வரல. இங்க ரெண்டு பேருக்கு ஆஜராம் தொரை!" பிலோவா சிரித்துவிட்டாள். ஜிபி போனபிறகு முதல் தடவை.

செப்டம்பர் 14

கோகோ தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். தீவின் மறுகோடி, இரண்டு வருடம், ஆண்கள் மட்டும். இருபது பெயர் வாசித்தார்கள். அதில் ஜிபி.

செத்துட்டான்னு சொன்னா? மறைச்சதுக்குத் தண்டனையா குடிசை மொத்தத்துக்கும் அரிசி பாதியாகும். பக்கத்துக் குடிசைக்கு அப்படித்தான் செய்தார்கள். இரண்டு குழந்தைகள் போயின. பிலோவாவுக்கு இன்னும் மூணு வாரம். போனா அவ கதி? போகாட்டி அவ கதி? எங்க முட்டினாலும் சுவரு.

செப்டம்பர் 15

ம்பர்காதான் சொன்னான். "ஜிபியாப் போடா. நாளையிலேர்ந்து ஓவோனான்னா நான் 'இருக்கேன்'ங்கிறேன். உன் பங்கு அவளுக்கு."

"மாட்டினா?"

"உன்னை மாதிரி மூக்கால பேசத் தெரியும்டா."

சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 16

விடியும்போது பிலோவா மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். கேட்டால் பேன் என்று சொல்லிக்கொள்வாளாம்.

"அண்ணனுக்கு," என்றாள்.

என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெளியே ஜிபியைக் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் தடவை. போகணும்.