கேட்டு வாங்கிய சொதி

1947 பிப்ரவரி 3, திங்கள். தூத்துக்குடி.

இன்றோடு எனக்கு அறுபத்திரண்டு வயது நிறைந்தது. பிறந்தநாள் விருந்தாகக் கிடைத்தது எள்.

காலை ரயிலில் வந்து இறங்கினேன். அண்ணன் மகன் குமரேசன் இங்கே துறைமுகத்தில் இன்ஜினீயர். கடற்கரைச் சாலையில் அவனுக்கு வீடு இருக்கிறது. அதில் அடுப்பு இல்லை. மைல்கணக்கில் தள்ளி நிற்கும் ஏதோ கப்பலுக்குத் தோணியில் போய்விட்டான். ஆகவே மதியம் தாணுலிங்கம் என்பவரின் சைவக் கடைக்குப் போனேன். பெண்களுக்கென்று ஒரு மூலையில் சாக்குப் படுதா கட்டியிருக்கிறார்கள். சாம்பார் கேட்டேன். இன்று கிடையாதாம். என்னதான் இருக்கிறது என்றேன். ஒரே மூச்சில் ஏழெட்டுப் பெயர் சொன்னார். ஒன்றுகூட மயிலாப்பூரில் வழங்கும் பெயர் அல்ல. விளக்கம் கேட்க மனம் வராமல், படுதாவின் கிழிசல் வழியே பக்கத்து இலையைக் காட்டி, அதையே கொண்டுவரச் சொன்னேன்.

வந்தது, தோலோடு கூடிய உளுந்தம்பருப்புச் சோறு. ஓரத்தில் கன்னங்கரேலென்று எள்ளுத் துவையல். எங்கள் வீட்டில் எள்ளைத் தொடுவது திதிக்கு மட்டும்தான். இன்று யாருக்குத் திதி என்று கேட்டேன்.

படுதாவுக்கு அப்பாலிருந்து தாணுலிங்கத்தின் பதில் வந்தது: “இங்கன உளுந்தஞ்சோறுன்னா எள்ளுத் துவையல்தான் ஆச்சி. சாப்பிட்டுட்டு ஏசுங்க. வெறும் வயித்துல ஏசுனா களைச்சுப் போவியள்லா.”

மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கோபம் குறையவில்லை. நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 4

எதற்காக வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குமரேசன் இவ்வூர் உப்பு வியாபாரி சிவனணைந்தபெருமாள் பிள்ளையின் மகளை மணக்க விரும்புகிறான். அண்ணன் சோமசுந்தரத்துக்கு இஷ்டமில்லை. நேராக மறுத்தால் மகன் முறைத்துக்கொள்வான் என்று பயம். ஆகவே நான் பெண்ணைப் பார்த்து, ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். “நீ வேண்டாம் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்” என்றான். வக்கீல் அல்லவா, சாட்சியைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்திருக்கிறது. தீர்ப்பையும் அவனே எழுதி வைத்துவிட்டான்: அந்தப் பக்கத்து ஆட்கள் நமக்கு ஒத்துவர மாட்டார்கள்.

இந்த வாக்கியத்தை அவன் வாயிலிருந்து கேட்பது இது இரண்டாம் முறை. முதல் முறை 1904-ல். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

மயிலாப்பூரில் நான் இருப்பது அண்ணன் வீட்டு மாடியில். அவனுக்கு அந்த அதிகாரம் போதும். நானும் வாயைத் திறக்காமல் பெட்டியைக் கட்டினேன். ஏன் திறக்கவில்லை? இன்ஸ்பெக்டராக நாற்பது வருஷம் பள்ளிக்கூடங்களை அதட்டிய வாய்தானே இது?

பிப்ரவரி 5

ரொட்டிக்கடை ஆக்னஸிடம் இவ்வூரின் மக்ரூன் என்னும் முந்திரி இனிப்பு அரை ராத்தல் கேட்டேன். தலையணை அளவில் ஒரு பொட்டலம் வந்தது. வாயில் போட்டால் ஒன்றுமே இல்லை. இந்த ஊரில் காற்றையும் நிறுத்து விற்கிறார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

பெண்ணைப் பார்த்தாயிற்று. பெயர் சண்முகவடிவு. குமரேசன் அளவுக்கு உயரம். கண் தாழ்த்தும் வழக்கம் இல்லை. காப்பி கொடுத்தாள். கருப்பட்டிக் காப்பி. முகத்தைச் சுளித்தேன்.

“சீனி ரேஷன்ல வரல ஆச்சி” என்றாள். “வந்தாலும் எங்கய்யா இதத்தான் குடிப்பாக.”

என்ன படித்திருக்கிறாய் என்று ஆரம்பித்தேன். பள்ளிப் படிப்பை முடித்தவள், முடித்ததைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “நீங்க குறை கண்டுபிடிக்கத்தான வந்திருக்கிய? அவுகய்யா மனசு அவுகளுக்குத் தெரியும், சொன்னாக. சிரமப்படாண்டாம், நானே சொல்லுதேன். பாட்டு வராது. கோலம் கோணும். கோவம் நிறைய வரும்.”

மூன்றும் எனக்கும் பொருந்தும். அதைச் சொல்லவில்லை.

புறப்படும்போது அவள் தாய் ஆவுடையம்மாள், நாளைக்கு மதியம் இங்கேதான் சாப்பிட வேண்டும், என்ன வைக்கட்டும் என்று கேட்டார். சொதி வைக்கச் சொன்னேன்.

அந்த அம்மாள் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். “நிசமாத்தான் கேக்கியளா?”

சொன்னதையே இரண்டு முறை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை என்றேன்.

உள்ளேயிருந்து பிள்ளை துண்டை உதறிக்கொண்டு வந்தார். “ஏளா, மாப்பிள்ளை வீட்டு ஆச்சி வாயாலயே சொதி கேட்டாச்சு. இனிமே என்ன பேச்சு?”

சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறியை வேகவிட்டுச் செய்வது. அந்த வீட்டில் அதைக் கண்டபடி வைப்பதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில், பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊற்றுவது. மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டு கேட்டால், கல்யாணத்தையே கேட்டதாக அர்த்தம். நான் வாசற்படி இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கற்கண்டு போய்விட்டது. ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் யார் என்று இன்னும் தெரியவில்லை.

சண்முகவடிவு மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தாள். “குறை ஒண்ணு விட்டுப்போச்சு ஆச்சி. எனக்குச் சொதி வைக்கத் தெரியாது.”

பிப்ரவரி 7

பிள்ளை வீட்டில் சாப்பாடு. சொதி இல்லை, மறுவீட்டில்தானாம். முதல் நாள் தாணுலிங்கத்திடம் கேட்டேனே, அந்தச் சாம்பார் இன்று வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 11

அண்ணனிடமிருந்து தந்தி, அதைத் தொடர்ந்து நான்கு பக்கக் கடிதம். பி.ஏ. படித்தவளுக்கு ஒரு குழம்பைப் பற்றி விசாரித்துவிட்டுக் கேட்கத் தெரியாதா என்கிறான். நான் தெரியாமல் பேசியதாகப் பெண்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமாம்.

என்ன திமிர் இவனுக்கு! நான் என்ன இவன் ஆபீஸ் குமாஸ்தாவா? போ என்றால் போகணும், குறை எழுதிக் கையெழுத்துப் போடு என்றால் போடணும், இப்போ மன்னிப்பு வேறே — யாரிடம்? எதற்கு? அந்தப் பெண் முகத்தைப் பார்த்து நான் சொல்லணுமா?

ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அமைதியாகப் பதில் எழுதினேன். அயலூரில் சாப்பாடு கேட்பவர்கள் படும் பாடு உனக்குத் தெரியாது; எள்ளையும் நான் இப்படித்தான் வாங்கினேன். ஊரே சம்மதம் என்று நம்பியாயிற்று. மறுக்க வேண்டுமானால் நீயே வந்து, உன் வாயால் மறு.

பிப்ரவரி 16

வந்தான். பிள்ளை வீட்டு வாசலில் முப்பது பேர் கைகூப்பி நின்றார்கள். நாலு கோர்ட்டில் முழங்கும் வாய் அங்கே கொடுத்த கற்கண்டைத்தான் மென்றது. வைகாசியில் கல்யாணம்.

ஜூன் 6, வெள்ளி

நேற்றுக் கல்யாணம், இன்று மறுவீடு.

அண்ணன் எனக்குப் பக்கத்து இலையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரிமாற வந்தவரிடம் சாம்பார் கேட்டான். “இன்னைக்குப் போயி சாம்பாரா, சம்பந்தி?” என்று பந்தி முழுதும் சிரித்தது. எள் தின்ற எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சொதி வந்தது. மல்லிகைப்பூ நிறத்துச் சோற்றின்மேல் இளமஞ்சளாக. அண்ணன் ஒரு வாய் எடுத்தான். பிறகு தலை நிமிரவில்லை. மூன்றாம் முறை ஊற்றச் சொன்னபோது, நான் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: “இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொள். வெறுமனே சாப்பிட்டால் தேங்காய்ப்பால் வயிற்றை மந்தப்படுத்தும்.”

அவன் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இலையில் கவனமாக இருந்தேன்.

இஞ்சித் துவையல் விஷயத்தை எனக்குச் சொன்னவர் சங்கரபாண்டியன். கல்லூரியில் என்னோடு படித்தவர், இந்த ஜில்லாக்காரர். எங்கள் மறுவீட்டுக்குச் சொதி வைக்க என் வீட்டாருக்குத் தன் தாயார் சொல்லித்தருவார் என்றும், நான் துவையலை ஒதுக்கினால் கோபித்துக்கொள்வார் என்றும் சொன்னார். 1904-ல் அண்ணன் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒத்துவராது என்றான். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

சொதி என்றால் என்ன, அதைக் கேட்டால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் நாற்பத்து மூன்று வருஷமாக எனக்குத் தெரியும்.