நிலம் ஆடவில்லை, கீதா ஆடினாள்

ஜூன் 8, ஞாயிறு
விடியலிலிருந்து மழை. தகரக் கூரையில் ஒரே சத்தம். மகன் குமார் இன்னும் கப்பலில். இனி கு. என்று எழுதுகிறேன், விரல் வலிக்கிறது. எழுதப் பழகி ஒரு வருஷம்தான்.
மருமகள் கீதா மாடி டி.வி.யில் ஒரு பெட்டியை மாட்டினாள். போன தடவை கு. கடல் தாண்டி மெயின்லேண்டில் வாங்கி வந்தது. வீடியோ கேம். டான்ஸ் கேமாம். ஆட வேண்டியது நாமாம். பெட்டி பார்த்து நட்சத்திரம் போடுமாம்.
வாங்க வேண்டியவை: கொசுவத்தி, சூரை மீன், பேனா.

ஜூன் 9
மழை இல்லை. மத்தியானம் கீழ் அறையில் தூக்கம். திடீரென்று மரச்சுவரில் ஒட்டிய கட்டில் ஆட்டம், விளக்கு ஆட்டம், தலைக்கு மேல் பலகையெல்லாம் தடதட. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். "பூகம்ப், பூகம்ப்" என்று கத்திக்கொண்டே மேட்டுக்கு. எங்கள் லம்பா லைன் சந்து மொத்தமும் என் பின்னால்.
நான் கச்சால் தீவுக்காரன். சுனாமியில் கடல் உள்ளே வந்த அன்று ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறித் தப்பியவன். என் மனைவி ராசம்மா ஏறவில்லை. இது எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் ஓடினால் அவர்களும் ஓடுவார்கள்.
மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். தென்னை ஆடவில்லை. கரண்ட் கம்பி ஆடவில்லை. எங்கள் மரவீடு மட்டும் ஆடுகிறது. மாடி ஜன்னலில் கீதா. கையைத் தூக்கிக் குதிக்கிறாள், வாயெல்லாம் சிரிப்பு.
எதிர்வீட்டு பெங்காலி மாசி சறுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. "பூகம்ப் நஹீ தாதா, ஆப்கி பஹூ ஹை" என்றாள். பூகம்பம் இல்லையாம், என் மருமகளாம். தாதா என்றால் பெரியவர், என்னைத்தான். பாதிப் பேர் சிரித்தார்கள்.

ஜூன் 10
சிரிக்காத பாதிப் பேர் காலையில் வாசலில். வயசானவர்கள் இருக்கிற சந்து, அந்தப் பெட்டி வேண்டாம் என்றார்கள். நியாயம்தான். கீதா அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். கு. வந்ததும் திருப்பிக் கொடுக்கப் போகிறாளாம்.
ரசம். அப்பளம்.
கு. கப்பலேறின பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான். அதுவும் மேட்டிலிருந்து. என் ஓட்டத்தால் அதுவும் போச்சு.

ஜூன் 11
தூறல். பெட்டியைப் பிரி என்றேன். மாட்டேன் என்றாள்.
"மாமா, நீங்க இன்னொரு தடவை ஓடி விழுந்தா உங்க மகனுக்கு நான் என்ன சொல்றது?"
"நானும் கூட ஆடிக்கிட்டிருந்தா எங்கேம்மா ஓடுவேன்?"
அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். பிறகு இருவருமாக டி.வி.யைக் கீழே இறக்கினோம். கீழே சிமெண்ட் தரை. எவ்வளவு குதித்தாலும் விளக்கு ஆடவில்லை. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?
கேம் பற்றி என் அபிப்பிராயம். திரையில் ஆடுகிறவளுக்கு முகம் கிடையாது, வெறும் வண்ணம். முதலில் பயம், பிறகு பழகியது. பாட்டு ரொம்ப வேகம். பெரிய அதிர்ச்சி: அதற்குக் கால் தெரியாது! ரிமோட் பிடித்த கை மட்டும்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கையை வீசினேன். மூன்று நட்சத்திரம். வேர்க்க வேர்க்க ஆடிய கீதாவுக்கும் மூன்று. இது அக்கிரமம் என்றேன். கீதா சிரித்தாள். பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஜூன் 13
சத்தம் கேட்டு மாசி வந்தாள், முழங்காலில் கட்டோடு. திட்டத்தான் வந்தாள். நாற்காலி போட்டு ரிமோட்டைக் கொடுத்தோம். ஐந்து நட்சத்திரம். நாளையும் வருவாளாம்.
மீன் வாங்க மறந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு
நல்ல வெயில். சாயங்காலம் மூவரும் ஆட்டம். மாசி நாற்காலியில். நான் நின்று ஆடினேன். பாட்டு முடிந்த பிறகுதான் வெளியே சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் சந்து மொத்தமும் தெருவில். வெறுங்கால். கையில் குழந்தைகள்.
"தாதா, நீங்க ஏன் ஓடி வரல?" என்று கேட்டார்கள்.
நிலம் ஆடியிருக்கிறது. சின்னதுதான். ஒன்றும் சேதமில்லை. ஆனால் எனக்குத் தெரியவில்லை. எனக்கு! கட்டில் கிரீச்சிட்டாலே எழுந்து ஓடுகிறவன் நான்.
சுவரில் ராசம்மா படம் கோணலாக. நேராக வைத்தேன்.
கீதா பெட்டியை அணைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன். மூன்று பேர் செருப்பையும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அடுத்த பாட்டு மாசி சொன்னது.