இரண்டாவது பட்டியல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா நலம், தங்கை உடம்புக்கு நலம், என்னைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் நானும் நலம். அங்கே குளிர் விட்டதா, இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் என் வேலை உனக்குத் தெரியும், ஃபைல் தூக்குவது, மணி அடிப்பது, பலகையில் நோட்டீஸ் ஒட்டுவது. போன வாரம் முதல்வர் அறையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. இட ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனு. நமக்கென்ன என்று பசை தடவி ஒட்டினேன், மூலையைத் தேய்த்து அழுத்தும்போதுதான் உன் பெயரைப் பார்த்தேன். அப்பன் கையாலேயே ஒட்ட வைத்துவிட்டாயே, நல்லா இருப்பா. இப்போது படிக்கிற பிள்ளைகள் அந்தப் பலகை இருக்கிற வாசலிலேயே மேஜை போட்டு, ஒதுக்கீடு வேண்டும் என்று வெயிலில் நின்று கையெழுத்து வாங்குகிறார்கள். பாதிப் பேர் காரில் வந்து இறங்குகிறவர்கள், இதனால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ஒரு டாக்டர் வீட்டுப் பெண், வகுப்புல எல்லாரும் எங்கள மாதிரியே இருந்தா நாங்க என்னத்தக் கத்துக்கப் போறோம் அங்கிள் என்றாள். என் பிள்ளைக்கு வராத பேச்சு அவள் வாயில் வருகிறது. நானும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இதோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். விண்ணப்பம் கொடுக்க வந்த உன் தங்கை பலகையில் உன் பெயரைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். பிறகு ஒதுக்கீட்டுக் கட்டத்தில் டிக் போடாமல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டால், அண்ணன் மார்க்குல போனான், நானும் அப்படித்தான் போவேன், இல்லன்னா படிப்பே வேணாம் என்கிறாள். அவள் மார்க்குக்குப் பொதுப் பட்டியலில் இடம் வராது, இருபத்தாறு வருஷமாகப் பட்டியல் ஒட்டுகிறவனுக்கு இது தெரியாதா. திருத்தம் செய்ய இருபதாம் தேதி மாலை ஐந்து மணி வரை விடுவார்கள்.

இனி எழுதுவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் விண்ணப்பத்தை நிரப்பியது நான், நீ கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டாய். அந்தக் கட்டத்தில் டிக் போட்டது என் பேனா. முதல் பட்டியலை ஒட்டியபோது அதில் நீ இல்லை, நாலு மார்க் குறைவு. இரண்டாவது பட்டியலில் இருந்தாய், அது ஒதுக்கீட்டுப் பட்டியல். பெயர் வந்துடுச்சுடா என்று வீட்டுக்கு ஓடிவந்தேன், எந்தப் பட்டியல் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று மறைத்தேன். எனக்குத் தேவைப்படவில்லையே, மற்றவனுக்கு எதற்கு என்று நீ நினைத்துவிட்டாய், பார். உள்ளே போன பிறகு நீ யாருக்கும் குறைந்து படிக்கவில்லை, வகுப்பில் மூன்றாவதாக வந்தாய், அதுவும் உண்மைதான்.

நேற்று இதைத் தங்கையிடம் சொன்னேன். டிக் போட வைக்கறதுக்காக அண்ணன அசிங்கப்படுத்தாதீங்கப்பா என்று எழுந்து போய்விட்டாள். இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யை நம்பினாள், இப்போது உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள். நீ சொன்னால்தான் கேட்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மனுவிலிருந்து பெயரை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் இருபதாம் தேதிக்குள் அவளுக்குப் போன் செய்து, நானும் இரண்டாவது பட்டியல்தான் என்று உன் வாயால் சொல். சொல்ல வெட்கமாக இருந்தால், அந்த வெட்கத்தை எனக்குப் பழக்கியவர் அப்பாதான் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா