ஏழாம் பதிப்புக்கு நன்றியும், அதிலிருந்த ஒரு வழுவும்

அலை ஏறினும் இறங்கினும் நிறை மாறாத வெண்கழிநாட்டின் அரசி நெய்தலங்கோதைத் தேவியாரின் திருவாணையால், மேலைக்குன்ற நாட்டில் இருந்து படத்தொகுப்பு மென்பொருள் ஆக்கி எண்டிசைக்கும் அனுப்பும் கருவியாளர் மன்றத்தார்க்கு விடுக்கும் திருமுகம். உங்கள் குன்றுகளில் மழை பொய்யாதிருக்க. உங்கள் மன்றத்தார் எழுதும் ஒவ்வொரு வரியும் எழுதியவர் எண்ணியபடியே இயங்குக. உங்கள் கணினிகள் சூடேறாதிருக்க. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடத்து நலம் அறிய விழைகிறோம்.

இவ்வோலை நன்றி கூறவே எழுதப்படுகிறது. ஆயினும் இடையில் ஒரு குறை வரும். அவ்விடத்தில் ஓலையைச் சுருட்டி வைத்துவிடாமல் இறுதிவரை படித்தருள வேண்டும். பேசியவர் சொல்லைத் திருத்தாமல் அப்படியே பொறிப்பது, அரண்மனை ஓலைகளை எழுதும் எங்கள் ஓலைநாயகத்தின் வழக்கம் ஆதலால், சில இடங்களில் எங்கள் கடற்கரைப் பேச்சும் உங்கள் ஊர்ப் பேச்சும் கலந்து வரும், அதையும் பொறுத்தருள்க.

எங்கள் நாட்டில் தலைநகருக்குத் தொலைவில் வாழும் ஊரார் தம் வழக்கைப் படமாக எடுத்து அனுப்பும் முறை உண்டு. அரண்மனைத் தொகுப்பு மண்டபத்தார் அதை வெட்டிச் சேர்த்து ஒழுங்காக்கிக் கொடுக்க, பேரவையில் ஒரே ஒருமுறை திரையிடுவார்கள். இடையில் நிறுத்துவதில்லை, மறுபடி ஓட்டுவதும் இல்லை. அப்போது கேட்டது எதுவோ அதுவே அவ்வூரின் வாக்கு என்று பொறிக்கப்படும். அவ்வகையில் சென்ற தை மாதம் முழுநிலவு நாளுக்குக் குறிக்கப்பட்டது தாழைமுனை உப்பளத்தார் வழக்கு. அவர்களுடைய உப்புப் பாத்திகள் இருக்கும் இடத்தில் துறைமுகம் கட்டலாமா கூடாதா என்பதே கேள்வி. நூற்று நாற்பது குடும்பங்கள் அந்தப் பாத்திகளை நம்பி வாழ்கின்றன. அவர்கள் கைப்பேசிகளில் எடுத்து அனுப்பிய நாற்பத்து மூன்று துண்டுகளும் தொகுப்பாளர் ஆம்பலியின் மேசைக்கு வந்து சேர்ந்தன.

ஆம்பலி மண்டபத்தில் சேர்ந்து ஓராண்டும் ஆகவில்லை. பகலில் சுங்கச்சாவடியில் சீட்டு எழுதிக்கொண்டே மாலை வகுப்பில் படத்தொகுப்பு கற்றவள். கைக்குப் பழகாததைக் கண்ணால் பிடிக்க வேண்டும் என்று எண்ணி, அன்றன்று செய்த வேலையை நேரம் குறித்து நாட்குறிப்பில் எழுதும் பழக்கத்தை அங்கேதான் தொடங்கினாள். எந்தக் குறை கண்டாலும் முதலில் தன் மேல்தான் அவளுக்கு ஐயம் வரும். இருக்கை ஆடினால்கூடத் தான் சரியாக உட்காரவில்லை என்று எண்ணுகிறவள் அவள் என்று மண்டபத்தார் சிரிப்பதுண்டு.

தாழைமுனைக் காற்று எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். நாற்பத்து மூன்று துண்டுகளிலும் பேசுவோர் வாய் அசைந்தது. கேட்டதோ காற்று மட்டும். உங்கள் மென்பொருளின் ஆறாம் பதிப்பில் எட்டு நாள் முயன்றும் ஒரு வாக்கியத்தை முழுதாக மீட்க முடியவில்லை. ஒருவர் பேச்சுகூடக் கேளாத படத்தைப் பேரவைக்கு அனுப்ப நேருமோ என்று அவள் அஞ்சிக்கொண்டிருந்த வேளையில், உங்கள் ஏழாம் பதிப்பு வந்து சேர்ந்தது.

இங்கே எங்கள் பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். அயல்நாட்டிலிருந்து வரும் எதையும் விருந்தாக வரவேற்பது எங்கள் மரபு. தொகுப்பாளர்கள் 'அப்டேட்' என்று சொல்லும் புதுப்பதிப்பையும் அவ்வாறே வரவேற்று வந்திருக்கிறோம். வாயிலில் மாவிலை கட்டி, கணியர் பெருஞ்சாத்தனார் நாழிகை குறித்துக் கொடுக்க, மண்டபத்தின் பன்னிரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் அதை ஏற்றுவார்கள். யார் கையில் என்ன வேலை பாதியில் நிற்கிறது என்று எவரும் கேட்டதில்லை. ஆம்பலி மட்டும் தயங்கி, தன் வேலை முடியும்வரை தன் கணினியை விட்டுவைக்கலாமா என்று கணியரிடம் கேட்டிருக்கிறாள்.

"எல்லாக் கணினியும் ஏத்திக்குது, ஒன்னோடது மட்டும் என்ன மாமியார் வீட்டுக்குப் போன பொண்ணா, சொல்லிச் சொல்லி அழைக்க?" என்று கணியர் கேட்க, அருகிலிருந்தோர் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்கொண்டாள். கணியர் சொல்வதில் காரணம் இருக்கும், தனக்குத்தான் தெரியவில்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். புதிய பதிப்பு ஏறியது. பாதியில் நின்ற வேலை அதில் திறந்துகொண்டது. அப்படி ஒருமுறை திறந்த வேலையைப் பழைய பதிப்பு இனி ஏற்காது என்பதை அவள் மறுநாள்தான் அறிந்தாள்.

ஆயினும் அந்த மறுநாளைப் பற்றி அவள் எழுதிய பக்கம் பெரும்பாலும் மகிழ்ச்சியே. ஏழாம் பதிப்பில் காற்றொலியை நீக்கும் புதிய கருவி ஒன்று இருந்தது. ஒரு துண்டின் மேல் அதை இட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். காற்று விலகிப் போக, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், பக்கத்து அறையில் இருப்பவர் பேசுவதுபோல் தெளிவாக வந்தது. உப்பு வாரும் பலகையின் ஓசைகூடக் கேட்டது. இதைச் செய்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும் என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறாள். வெட்டும் பொத்தானை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள், கை பழைய இடத்துக்கே போகிறது என்ற முணுமுணுப்பும் அதே பக்கத்தில் உண்டு. ஒவ்வொரு புதுப்பதிப்பும் யாரும் கேளாத ஒன்றை இடம் மாற்றிவிட்டே யாரோ கேட்ட ஒன்றைக் கொடுக்கிறது என்பது அவள் கருத்து. அவளே அதை அடித்துவிட்டு, கேட்டது கிடைத்த பிறகு இதைச் சொல்வது நன்றியில்லாத பேச்சு என்றும் எழுதியிருக்கிறாள்.

நான்காம் நாள் தாழைமுனையிலிருந்து குமிழி என்னும் உப்பளப் பெண் படத்தைப் பார்த்துப் போக வந்தாள். ஊரார் சார்பில் படத்தில் பேசியவள் அவள்தான். அவள் பேசிய துண்டு இருபத்திரண்டு நிமிடம் நீளும். அதில், நில அளவராகிய பெண்ணொருவர், பாத்திகளை விட்டுக்கொடுக்கத் தங்களுக்குச் சம்மதம் என்று ஊரார் சொல்வதுபோல் முன்பே எழுதிவைத்த ஏட்டைப் படிக்கிறார். படித்து முடித்ததும் குமிழி அதை மறுக்கிறாள். வழக்கின் உயிர் அந்த மறுப்பிலேதான் இருக்கிறது.

திரையில் ஓடியதோ வேறு. அளவரின் வாய் மூடிக்கொண்டது. குமிழியின் வாய் அசைந்தது. அவள் வாய் அசைந்த நேரத்தில் கேட்டது, 'எங்களுக்குச் சம்மதம்' என்னும் சொல். அவள் முகம் திருப்பி நடந்துபோன பிறகே, ஆளில்லாத பாத்தியின் மேல், 'அது நான் சொன்னதில்ல' என்று ஒரு குரல் கேட்டது.

குமிழி திரையிலிருந்து ஆம்பலியின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "வாய் என்னுது, பேச்சு அவளுது. நான் கூடவே நின்னு பாத்தவ. எனக்கே நான் சம்மதம்னு சொல்லிட்டேனோன்னு தோணுது. ஒரே தடவ பாக்கப் போறவுக என்ன நெனைப்பாக, தங்கச்சி?"

முழுநிலவுக்கு ஒன்பது நாள் இருந்தது. பாத்திகளில் துறைமுகத்துக்கு எல்லைக் கழி நடுவதா வேண்டாமா என்பது அன்று அந்தத் திரையைப் பார்த்தே முடிவாகும்.

அதன்பின் வந்த மூன்று நாட்களின் குறிப்புகளை நாம் தனியே படியெடுத்து இவ்வோலையுடன் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும், 'தவறு என்னுடையதாக இருக்கலாம்' என்று தொடங்குகிறது. குரலை நான்கு நொடி முன்னால் நகர்த்தினாள். இறுதியில் பொருந்தியது, தொடக்கத்தில் பொருந்தவில்லை. தொடக்கத்தில் பொருத்தினாள், நடுவில் பிசகியது. துண்டைச் சிறு சிறு கூறாக்கி ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பத்து நிமிட அளவு முடிந்தபோது மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும் அறிவை நீங்கள் அதற்குக் கொடுத்திருந்ததால் வேலை பெரும்பாலும் பிழைத்தது, அதற்கும் நன்றி. மாலை வகுப்பில் எழுதிய பாடங்களையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். ஆறாம் பதிப்பில் புதிதாகத் தொடங்கினால் குரல் உதட்டில் நிற்கும், ஆனால் காற்று திரும்ப வந்துவிடும். ஏழாவதில் காற்று இல்லை, ஆனால் குரல் வழுக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள்.

மூன்றாம் நாள் நண்பகலில் உங்கள் மன்றத்தின் உதவிப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தாள். எடுத்தவர் சேந்தன் என்னும் உங்கள் பணியாளர். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்பதே அவர் முதற்கேள்வி. எல்லா நாட்டிலும் எல்லாரும் முதலில் கேட்பது அதுவே என்று அறிகிறோம்.

"பதினோரு தடவை போட்டுப் பார்த்தேன் ஐயா. நேரமெல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதியா?" என்றார் சேந்தன். மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டதாக அவள் குறித்திருக்கிறாள். "அப்ப மெதுவாப் படிங்கம்மா. நான் எழுதிக்கிறேன்."

அவள் ஒரு மணி நேரம் படித்தாள். எந்தத் துண்டு, எத்தனையாவது நிமிடத்தில், எத்தனை நொடி பிசகு என்று வரிசையாகப் படித்துவர, பத்து நிமிடத்துக்கு இரண்டு நொடி என்னும் கணக்கு மாறாமல் வந்ததை இருவரும் கண்டார்கள். கைப்பேசியில் எடுத்த துண்டுகள் மட்டுமே பிசகின. மண்டபத்தின் ஒளிப்பதிவுக் கருவியில் வேறு வேலைகளுக்காக எடுத்தவை பிசகவில்லை. கைப்பேசி ஒவ்வொரு நொடியிலும் ஒரே எண்ணிக்கையில் படம் பிடிப்பதில்லை. ஒரு நொடியில் முப்பது, அடுத்த நொடியில் இருபத்தெட்டு என்று அது தன் வசதிபோல் பிடிக்கும். ஆறாம் பதிப்பு அதைத் தெரிந்து நடந்துகொண்டது. ஏழாம் பதிப்போ எல்லா நொடியும் ஒன்றுபோல என்று எண்ணி ஓட்ட, படம் முன்னே ஓடிக் குரல் பின்தங்கியது.

"தப்பு உங்களுது இல்லம்மா. எங்களுது," என்றார் சேந்தன்.

ஆம்பலி அதை இன்னொரு முறை சொல்லும்படி கேட்டாள். கேட்டது சரியா என்று உறுதிசெய்துகொண்டு குறிப்பில் எழுத வேண்டும் என்றாள். அவரும் சிரிக்காமல், எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார்.

உங்கள் மன்றத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல எவருக்கெல்லாம் உரிமை உண்டு என்பதை நாம் அறியோம். அதைச் சொன்னதற்காகச் சேந்தனை எவரேனும் கடிந்திருந்தால், கடிந்தவர் இவ்வரியை இருமுறை படிக்கட்டும். அவர் அவளுக்கு ஒரு வழியும் சொன்னார். கைப்பேசித் துண்டு ஒவ்வொன்றையும் நொடிக்கு இருபத்தைந்து படம் என்று சீராக மாற்றிக்கொண்டு, அதன் பிறகே மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். நாற்பத்து மூன்று துண்டுகளையும் மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. முதலிலிருந்து மீண்டும் தொகுக்க மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாள் காலையிலும் சேந்தன் தாமே அழைத்து, எந்தத் துண்டில் நிற்கிறாள் என்று கேட்டறிந்தார்.

முழுநிலவு நாளன்று நாம் பேரவையில் இருந்தோம். இருபத்திரண்டு நிமிடத் துண்டு ஓடியது. அளவர் படித்தார். குமிழியின் வாய் அசைந்த அந்த நொடியிலேயே அவள் குரல் அவள் வாயிலிருந்து வந்தது: "அது நான் சொன்னதில்ல. நாங்க யாரும் சொன்னதில்ல. எழுதுன ஏட்ட எங்ககிட்டப் படிச்சுக் காட்டுறதே இதுதான் மொதத் தடவ." அவைக்கு வந்திருந்த அளவரும் எழுந்து நின்று, அது உண்மை என்று ஒப்புக்கொண்டார். தாழைமுனைப் பாத்திகளில் கழி நடுவது அன்றே தடுக்கப்பட்டது. துறைமுகத்துக்கு வடகரையைப் பார்க்கும்படி கட்டளை போயிற்று.

படம் ஓடியபோது ஆம்பலி திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் காதை மட்டும் கொடுத்திருந்தாள் என்று அருகிலிருந்தோர் சொன்னார்கள். பிசகினால் பார்க்கத் துணிவில்லை என்றும், பிசகாவிட்டால் படம் முடிந்ததும் ஊராரின் முகம் சொல்லிவிடும் என்றும் அவள் காரணம் கூறினாளாம். இவ்வோலையில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம், வேறு எவரேனும் இன்னும் விரைவாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றும் வேண்டிக்கொண்டாள். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

ஆதலால் நாம் இடும் கட்டளைகளை நீங்களும் அறிந்திருத்தல் நன்று. இனி வெண்கழிநாட்டில் எந்தப் புதுப்பதிப்பும் வேலை நடுவில் ஏற்றப்படலாகாது. அதற்குரிய நாழிகையைக் கணியர் குறிக்கமாட்டார்; கையில் வேலை உள்ள தொகுப்பாளரே குறிப்பார். கணியர் பெருஞ்சாத்தனார் இக்கட்டளையைக் கேட்டு, தமக்கு ஒரு வேலை குறைந்தது என்று மட்டும் கூறினார். பழைய வேலையைப் படியெடுத்து வைத்த பிறகே புதியதில் திறக்க வேண்டும். குறை கண்ட எவரும் தம் மேல் ஐயம் கொள்வதற்கு முன் நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.

காற்றை நீக்கிக் குரலைக் கொடுத்தவர் பெயரை எங்களுக்கு எழுதி அனுப்புக. தாழைமுனையார் இவ்வாண்டின் முதல் உப்பை அவர் வீட்டுக்கும் சேந்தன் வீட்டுக்கும் அனுப்ப விரும்புகிறார்கள். அது அவர்கள் பாத்தியில் விளைந்தது.

வழுவைத் திருத்தி நீங்கள் விரைந்து அனுப்பிய பதிப்பு பதினான்கு நாட்களுக்கு முன் எங்களை வந்தடைந்தது. உங்கள் மன்றத்தார் ஊணும் ஓய்வும் துறந்து அதைச் செய்திருப்பார்கள் என்பதை உணர்ந்து தலை வணங்குகிறோம். அது இன்னும் ஏற்றப்படவில்லை. ஆம்பலியின் கையில் ஒரு வேலை இருக்கிறது. எப்போது முடியும் என்று நாம் ஆளனுப்பிக் கேட்டோம். இன்னும் ஐந்து நாள் ஆகலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாள். காத்திருக்கிறோம்.

நெய்தலங்கோதைத் தேவியார் திருமுன் படிக்கப்பட்டு, அவர் கைப்பட மீன்கொத்தி இலச்சினை இடப்பட்டு, மாசி மாதம் ஏழாம் நாள் காலை மேலைக்குன்றத் தூதர் கையில் கொடுக்கப்பட்டது. கொண்டு செல்வோர்க்கு வழி எளிதாகுக. படிப்போர்க்கு நாள் நல்லதாகுக.