சட்டம் ஒட்டி முடியட்டும்

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தான் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ திறக்கப்போகிற தையல் கடைக்குத் துணி வெட்ட நான் வருகிறேன். சத்தியமாக வருகிறேன். ஆனால் பம்ப் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அத்தான் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்து வாசலில் இறக்கியிருக்கிறார். வாசல் கதவு கால்வாசிகூடத் திறப்பதில்லை. கொல்லைப்புறமாகத்தான் போய் வருகிறோம். தெருவில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை.

படகின் ஓடு நன்றாக இருக்கிறது. உள்ளே அதைத் தாங்குகிற மரச்சட்டங்கள்தான் தண்ணீர் குடித்து, நனைந்த ரொட்டி மாதிரி உதிர்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் வைத்து, கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் ஒட்ட முடியும். "சட்டம் ஒட்டி முடியட்டும், அப்புறம் தாராளமா போ" என்கிறார்.

அதுவரை என் வேலையை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

கேப்டனுக்கு என் வணக்கத்தைச் சொல். நீச்சல் தெரியாதவருக்கு எதற்குப் படகு? கேட்டால் உனக்குத்தான் திட்டு விழும், கேட்காதே.

கடை திறந்தாயிற்று. மாடியில் உனக்கு ஓர் அறை இருக்கிறது, தெருவைப் பார்த்த ஜன்னலோடு. வெட்டுகிற மேசைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை. நானே வெட்டப்போய், நேற்று ஒரு ரவிக்கைக் கழுத்தைக் கோணலாக்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்க அக்கா வர்றாங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று மெஷின்காரப் பெண் கேட்கிறாள். எனக்கு மானம் போகிறது. சீக்கிரம் வா.

குட்டி

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பேனா பிடிக்கவே விரல் அரிக்கிறது. படகைத் தேய்க்கிற தூள் பறக்கிறதென்று முன்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டோம். பட்டப்பகலில் கூடத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புடவை, தலையணை எல்லாவற்றிலும் கண்ணாடி நார்.

அந்த நார்த் துணியை வெட்டுவது நான்தான். "உன் கை மாதிரி வராது" என்றார் ஒரு நாள். கேட்கும்போது சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எரிச்சலாக இருந்தது.

சட்டங்களை ஒட்டி முடித்தோம். ஆனால் தரைப்பலகையை வைத்தால் ஒரு மூலை ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கிறது. படகு முறுக்கிக்கொண்டுவிட்டது. பழைய சட்டங்களை ஒரேயடியாக எடுத்தபோதே சொன்னேன், "வெளியில முட்டுக் கொடுக்காம எல்லாத்தையும் எடுக்காதீங்க" என்று. படகை வெறும் ரெண்டு டயர்மேல் வைத்துக்கொண்டு, "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். தாங்க ஆளில்லாமல் ஓடு ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது. அந்தக் கோணலோடேயே சேர்த்து ஒட்டித் தொலைத்துவிட்டோம். ஒட்டினபின் அசையாது.

ஒரு பகல் முழுக்கப் படகுக்குள் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, "அறுத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றார். என்னால் முடியுமா என்று கேட்கவே இல்லை.

எனக்கு மூச்சு முட்டுகிறது, குட்டி. பதினெட்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லியும் விட்டேன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

உன் அக்கா

மார்ச் 10

அக்கா,

ஸ்டேஷனில் நிற்பேன். பெட்டியில் துணிமணி போதும், கத்தரிக்கோல்கூட வேண்டாம், இங்கே புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். நீ மட்டும் வந்து சேர்.

குட்டி

மார்ச் 20

அன்புள்ள குட்டிக்கு,

உன் போனை எடுக்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆட்டோ வந்து நின்றது. பையோடு கொல்லைப்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வந்தேன். படகுக்குள்ளிருந்து கூப்பிட்டார்: "பிசின்ல ஹார்டனர் ஊத்திட்டேன். ஒரு கை பிடிச்சிட்டுப் போ."

அதை ஊற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் பிசின் கல்லாகிவிடும். எட்டிப் பார்த்தேன். இந்த முறை முட்டெல்லாம் ஒழுங்காகக் கொடுத்து, முதல் சட்டத்தை நேராக நிறுத்தியிருந்தார். தனியாளாகத் துணியைப் போட்டால் அடியில் காற்று தங்கி எல்லாம் வீணாகும். என் கண்ணெதிரே அது கெடுவதைப் பார்க்க முடியவில்லை. பையை வைத்துவிட்டு ஏறினேன். ஆட்டோக்காரர் ரெண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. "நான் கிளம்புற நேரம் பார்த்துதானே ஊத்தினீங்க?" என்று கேட்டேன். "ஆமா," என்றார். "நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா?"

கோபத்தில் அழுதேன். அழுதுகொண்டே போய் ஒட்டின இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

இன்னும் ஐந்து சட்டங்கள்தான். முடிந்ததும் கட்டாயம் வருகிறேன். பதில் எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

ரயில் வந்து, எல்லோரும் இறங்கி, பெட்டிகளைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும் இறங்கின பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

வெட்டுகிற மேசைக்கு ஒருத்தியை வைத்துவிட்டேன். நன்றாக வெட்டுகிறாள். மாடி அறையும் அவளுக்குத்தான். இனி வா என்று எழுத மாட்டேன், போனிலும் கேட்க மாட்டேன். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. இன்னொரு தரம் அப்படி நிற்க என்னால் ஆகாது.

அத்தான்தான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று இத்தனை நாளும் அவரை வாயாரத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

இங்கே மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாதே என்று வாங்கின ஸ்வெட்டரை நானே போட்டுக்கொள்கிறேன். தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

உன் தங்கை